ஆன்டிபாடி 2500-க்கு மேல் இருந்தும் அம்மாவுக்குக் கொரோனா வந்தது, அப்போ தடுப்பூசி எதற்கு?

மழைச்சாரல் (கேள்வி):
வணக்கம். அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. இரண்டு ஊசி, அப்புறம் ஒரு பூஸ்டர், எல்லாமே 2020-ல் வந்த முதல் வைரஸை வைத்துச் செய்தவை. பூஸ்டர் போட்ட ஒரு மாதத்தில் ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தோம், 2500-க்கு மேல் என்று வந்தது, அதற்கு மேல் அந்த மெஷின் அளக்காதாம். அந்த ரிப்போர்ட்டை மடித்து மாத்திரை டப்பாவுக்குள்ளேயே வைத்திருந்தார்கள், அவ்வளவு நம்பிக்கை. ஆறு வாரத்தில் ஒமைக்ரான் அலை வந்தது, அம்மாவுக்கும் வந்துவிட்டது. நாலு நாள் காய்ச்சல், தொண்டை வலி, பிறகு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து "வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது, ஊசியால் என்ன பயன்" என்று ஒரே பேச்சு, அதற்கப்புறம் ஒரு ஊசிகூடப் போடவில்லை. போன மாதம் திரும்பவும் வந்து போனது. என்ன பதில் சொல்வது? அந்த 2500-க்கு அர்த்தமே இல்லையா?

சோதனைக்குழாய்:
லேபில் வேலை பார்க்கிறேன், இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கலங்கி நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எண் பொய் இல்லை, ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். டெஸ்ட் கிட்டில் இருப்பது முதலில் பரவிய வைரஸின் ஸ்பைக் புரதத் துண்டு (ஸ்பைக் என்பது வைரஸின் மேல் முள் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது). அதில் போய் ஒட்டும் ஆன்டிபாடி எவ்வளவு என்றுதான் மெஷின் பார்க்கிறது. ஒமைக்ரானில் ஒட்டுமா என்று அது பார்ப்பதே இல்லை.

ஸ்பைக் என்பது 1273 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் ஒரு சின்னப் பகுதிதான் நம் செல்லைப் பிடித்துக்கொள்ளும், வைரஸைத் தடுக்கும் ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை குறிவைப்பதும் அதையேதான். பீட்டா திரிபில் அங்கே 484-ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியது, எதிர் மின்னூட்டம் இருந்த இடத்தில் நேர் மின்னூட்டம் வந்துவிட்டது. அதை நம்பி ஒட்டிக்கொண்டிருந்த ஆன்டிபாடிகளுக்குப் பிடி நழுவிவிட்டது. 2021 நவம்பரில் வந்த ஒமைக்ரானில் ஸ்பைக்கில் மட்டும் 30-க்கு மேல் மாற்றங்கள், 484-உம் அதில் உண்டு. அம்மாவின் ஆன்டிபாடிகளில் பல அங்கே வேலைக்கு ஆகாமல் போயிருக்கும்.

தென்றல்:
மேலே சொன்னது சரி, ஆனால் அம்மாவிடம் இதோடு நிறுத்தினால் அவர்கள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். நாலு நாளில் எழுந்து உட்கார்ந்தார்களே, அதைக் கவனியுங்கள். 71 வயது, சர்க்கரை, ஊசியே போடாமல் இருந்திருந்தால் ஆபத்து இதைவிடப் பல மடங்கு.

ஆன்டிபாடி வைரஸை வெளியிலேயே மறிப்பது. டி செல் என்பது, வைரஸ் நுழைந்துவிட்ட செல்லைக் கண்டுபிடித்து அழிப்பது. அது ஸ்பைக்கின் முழு உருவத்தையும் பார்ப்பதில்லை, செல்லின் மேல் வெளிக்காட்டப்படும் ஒன்பது பத்து அமினோ அமிலத் துணுக்குகளைத்தான் பார்க்கிறது, அந்தத் துணுக்குகள் ஸ்பைக்கின் நீளம் முழுக்க எங்கிருந்தும் வரலாம். முப்பது இடம் மாறினாலும் மீதி இருக்கிறதே! அதுவும் ஆளுக்கு ஆள் வெவ்வேறு துணுக்கு என்பதால் எல்லோரிடமிருந்தும் ஒரே மாற்றத்தால் வைரஸ் தப்ப முடியாது. ஒமைக்ரானுக்கு எதிராக ஆன்டிபாடி பெரிதாகச் சரிந்தபோதும் டி செல்கள் பெருமளவு நின்றது இதனால்தான்.

இன்னொன்று நேரம். ஊசி போட்டபோது வைரஸை அடையாளம் கற்று உடம்பில் தங்கியிருக்கும் நினைவு செல்கள் விழித்துப் பெருகச் சில நாட்கள் வேண்டும். ஒமைக்ரானோ உள்ளே போன மூன்று நாளில் அறிகுறி காட்டிவிடும், அதற்குள் மூக்கும் தொண்டையும் வைரஸின் பிடிக்குள் போய்விடும், நுரையீரலைக் காப்பாற்றத்தான் படை வந்து சேரும். தட்டம்மைக்குப் பத்து நாளாவது ஆகும், நினைவு செல்களுக்குத் தாராளமாக நேரம் கிடைக்கிறது. பல பத்தாண்டுப் பழைய தட்டம்மை ஊசி இன்னும் பலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கல்தூண்:
உடம்பு முதல் ஊசியின் நினைவிலேயே நின்றுவிடும், புதுத் திரிபுக்கான ஊசி போட்டாலும் பழைய ஆன்டிபாடிதான் சுரக்கும் என்று படித்தேன். அப்போ புது ஊசி வீண்தானே?

தென்றல்:
@கல்தூண் பாதி சரி. 2022-ல் வந்த பூஸ்டரில் பாதி பழைய வைரஸ், பாதி ஒமைக்ரான். எதிர்பார்த்த அளவு கூடுதல் பலன் கிடைக்கவில்லை, நீங்கள் சொன்ன பழைய நினைவும் அதற்கு ஒரு காரணம். அதனால்தான் 2023-ல் பழையதை எடுத்துவிட்டு ஒமைக்ரானிலிருந்து கிளைத்த எக்ஸ்பிபி.1.5-ஐ மட்டும் வைத்துச் செய்தார்கள், 2024-ல் அதற்கும் பின்னால் வந்த இன்னொரு ஒமைக்ரான் கிளையான ஜேஎன்.1 வழித்திரிபுகளுக்கு மாற்றினார்கள். அப்போது பரவிய திரிபுகளைத் தடுக்கும் ஆன்டிபாடி நன்றாகவே ஏறியது. வீண் இல்லை. சில மாதத்தில் இறங்கும், அது உண்மை.

விடியல்:
வேறொரு பக்கத்தைச் சொல்கிறேன். என் தம்பிக்குக் கிட்னி மாற்று நடந்தது. புதுக் கிட்னியை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து, அதே மருந்தால் நாலு ஊசி போட்டும் ஆன்டிபாடி பேருக்குத்தான் வந்தது. அதனால் ஈவுஷெல்ட் போட்டோம். இரண்டு ஆன்டிபாடிகளை வெளியில் தயாரித்து இரண்டு பக்க இடுப்பிலும் ஒவ்வொரு ஊசியாகப் போடுவார்கள். வீட்டில் எல்லோரும் மூச்சு விட்டோம். வைரஸ் மாறியது, அந்த இரண்டுமே ஒட்டாமல் போயின, 2023 ஜனவரியில் அமெரிக்கா அதன் அனுமதியை நிறுத்திவிட்டது. தடுப்பூசி ஒரு நல்ல உடம்பில் பலவகை ஆன்டிபாடியும் டி செல்லும் சேர்த்தே உண்டாக்குகிறது, அதனால் மொத்தமாகத் தோற்பதில்லை. உங்கள் அம்மாவின் உடம்பால் அது முடிகிறது. என் தம்பியின் உடம்பால் முடியவில்லை. தயவுசெய்து இதை அம்மாவிடம் சொல்லுங்கள்.

மழைச்சாரல்:
விடியல், இரவு அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தம்பியைப் பற்றித்தான் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது எப்படி இருக்கிறார்? அப்புறம், போன மாதம்தானே வந்து போனது, புது ஊசியை உடனே போடலாமா?

சோதனைக்குழாய்:
வந்து போனதே ஒரு தூண்டல்தான், மூன்று மாதம் வரை தள்ளிப்போடலாம் என்பது பொதுவாகச் சொல்வது. சர்க்கரை இருப்பதால் அவர்களைப் பார்க்கும் டாக்டரிடம் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி டெஸ்ட் மறுபடி எடுக்க வேண்டாம்.

விடியல்:
நன்றாக இருக்கிறான். வெளியே போனால் இன்னும் மாஸ்க்தான்.