மறுமொழி: ‘ரெசிடென்சி’யைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நம் மாணவர்களுக்காகத் தொகுத்துவரும் கையேட்டில் மற்றச் சொற்களெல்லாம் ஒருவாறு முடிவாகிவிட்டன. ‘ரெசிடென்சி’ என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று வாரமாக இழை நீண்டுகொண்டிருக்கிறது. ஒருவரைத் தன் மாநிலத்தைச் சேர்ந்தவராகப் பல்கலைக்கழகம் ஏற்று, வெளியாரிடம் வாங்கும் கூடுதல் கட்டணத்தை அவரிடம் வாங்காமல் விடுவதற்கான தகுதிதான் அது. சென்னை நண்பர் ‘குடியுரிமைத் தகுதி’ என்றார். யாழ்ப்பாணத்து நண்பர் ‘வதிவிடத் தகுதி’ என்றார். சிங்கப்பூரிலிருந்து எழுதும் அம்மையார் ‘மாநிலவாசி’ என்ற சொல்லை முன்வைத்தார். நானோ முதல் மடலிலேயே ‘இருப்பிடத் தகுதி’ என்று எழுதி, அதையே கையேட்டின் வரைவிலும் சேர்த்துவிட்டேன். இந்த நான்கில் முதலில் விலக்க வேண்டியது என்னுடையதுதான்.

காரணம் என் வீட்டிலேயே கிடைத்தது. என் அக்கா மகன் தென்காசியிலிருந்து டெக்சாஸ் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தபோது நம் வரைவைத்தான் பக்கத்தில் வைத்திருந்தான். ரெசிடென்சி பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்துவிட்டு, சான்று ஏற்றும் பெட்டி திறந்ததும் என்னைக் கூப்பிட்டான். “மாமா, இருப்பிடச் சான்றிதழ் கேக்குறாங்க. தாசில்தார் ஆபீஸ்ல வாங்குனது இருக்கு, அதையே ஏத்திரவா?” என்றான். நான் வேறு வேலையில் இருந்தவன், “ஏத்துடா” என்று சொல்லிவிட்டேன். பொறியியல் கலந்தாய்வுக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஆண்டில் வாங்கிய தாள் அது; அவன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவன் என்று வட்டாட்சியர் சான்றளித்த அந்தத் தாள், அவன் டெக்சாஸைச் சேர்ந்தவன் என்பதற்கு ஆதாரமாகப் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்து, இது எந்த மாநிலத்துக்குரிய ஆவணம் என்று விளக்கும்படி இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. விண்ணப்பத்தைத் திருத்தி, கோப்பு மறுபடி வரிசைக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. பையனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவன் படித்தது நான் எழுதிய சொல்லை.

யோசித்துப் பார்த்தால், அவன் ஏற்றிய தாளும் அவர்கள் கேட்ட சான்றும் கருத்தளவில் ஒன்றுக்கொன்று தொலைவானவை அல்ல. ஒரு மாநிலம் தன் செலவில் நடத்தும் கல்விக்கூடத்தில் இடம் கேட்டு வருபவரிடம் ‘நீ எங்களைச் சேர்ந்தவனா?’ என்று கேட்பதுதான் இரண்டின் உள்ளடக்கமும். ஆனால் ‘இருப்பிடம்’ என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டபடியால், அதை இன்னொரு நாட்டின் ஏற்பாட்டுக்குப் பெயராக வைத்தால் இப்படித்தான் ஆகும்.

‘குடியுரிமைத் தகுதி’யைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி மட்டுமே தரும் பச்சை அட்டையை ‘நிரந்தரக் குடியுரிமை’ என்று நம் நாளிதழ்கள் எழுதி எழுதி, குடியுரிமைக்கும் குடியிருப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்கெனவே மங்கச் செய்துவிட்டன. அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகக் கட்டணத்தில் குடியுரிமை தனியே எதையும் தீர்மானிப்பதில்லை. ஒஹையோவில் பிறந்து வளர்ந்த அமெரிக்கக் குடிமகள் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால், மதுரையிலிருந்து போகிறவர் கட்டும் அதே கூடுதல் தொகையைத்தான் கட்டுகிறாள். 2025–26இல் சேர்ந்த புதிய இளநிலை மாணவருக்கு அது ஆண்டுக்கு 37,602 டாலராக இருந்தது. மறுபுறம், வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவில் பெற்றோருடன் கலிபோர்னியாவில் வாழும் தமிழ்ப் பிள்ளை, மற்ற நிபந்தனைகள் நிறைவேறினால், குடியுரிமையோ பச்சை அட்டையோ இல்லாமலேயே அந்தத் தொகையிலிருந்து தப்பலாம்.

‘வதிவிடம்’, ‘வாசி’ என்ற இரண்டும் இவ்வளவு எளிதில் தள்ளக்கூடியவை அல்ல. வதிதல் நல்ல பழந்தமிழ்ச் சொல். இலங்கையில் ‘வதிவிட வீசா’ என்று அரசு ஆவணத்திலேயே வாழ்கிறது. ‘நிரந்தரவாசி’யும் சிங்கப்பூரில் அப்படியே. ஆயினும் எனக்கு ஒரு தடை இருக்கிறது. அது சொல்லழகைப் பற்றியது அன்று. வதிதல், வசித்தல், உறைதல், குடியிருத்தல் ஆகிய எல்லாமே ஓரிடத்தில் வாழ்வதைக் குறிப்பவை. பல்கலைக்கழகம் கேட்கும் ரெசிடென்சியோ அங்கே வாழ்வதால் மட்டும் கிடைப்பதில்லை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் ஆன் ஆர்பரிலோ ஆஸ்டினிலோ நான்கு ஆண்டு வீடெடுத்துத் தங்கி, மின்கட்டணம் கட்டி, ஓட்டுநர் உரிமம் வாங்கி, பனியில் வழுக்கி விழுந்து எழுந்தவரும் கட்டணக் கணக்கில் ‘நான்-ரெசிடென்ட்’தான். கலிபோர்னியப் பல்கலைக்கழகம் 366 நாள் மாநிலத்துக்குள் இருந்திருக்க வேண்டும் என்கிறது. அதனுடன் அங்கேயே நிலைக்கும் எண்ணமும் வேண்டும் என்கிறது. அந்த எண்ணத்தைச் சட்டப்படி கொள்ள முடியாத விசாக்களில் வந்தவருக்கு எத்தனை நாள் ஆனாலும் அந்தத் தகுதி இல்லை என்கிறது. எஃப்-1 அந்த வகையைச் சேர்ந்தது. ‘நான்கு ஆண்டாக இங்கே வதிகிறவர் வதிவாளர் அல்லர்’ என்று தமிழில் எழுதினால் படிப்பவர் அச்சுப்பிழை என்றே நினைப்பார். ஆங்கிலத்தில் இந்த முரண் பழகிப்போய்விட்டது. அதை நாம் காசு கொடுத்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்க வருமான வரித் துறைக்கும் ஒரு ‘ரெசிடென்ட்’ இருக்கிறார். எஃப்-1 மாணவர் முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குப் பொதுவாக வரிக்கணக்கில் ‘நான்-ரெசிடென்ட்’. ஆறாம் ஆண்டில் நாட்கணக்கு நிறைந்தால் ‘ரெசிடென்ட்’ ஆகிவிடுகிறார், படிவமும் மாறுகிறது. ஆக, ஆறாம் ஆண்டில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் வரிக்கு ‘ரெசிடென்ட்’, கட்டணத்துக்கு ‘நான்-ரெசிடென்ட்’, குடிவரவுச் சட்டத்துக்குக் குடியேறும் நோக்கமில்லாத வருகையாளர் என மூன்று பெயரோடு ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூன்றுக்கும் ‘வதிவாளர்’ என்று ஒரே சொல்லை எழுதினால் கையேடு எதற்கு?

நம் ஊர்களில் இதற்கு நிகரான ஓர் ஏற்பாடு இருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி எழுதும்போது, பத்து ஆண்டாக அதே தெருவில் வாடகைக்கு இருக்கும் வங்கி மேலாளரையோ பள்ளி ஆசிரியரையோ தலைக்கட்டாக எழுதுவதில்லை. அவர் விரும்பி நன்கொடை கொடுத்தாலும் அது வேறு பக்கத்தில்தான் ஏறும். வேலைக்காகத் திருப்பூருக்குப் போய்விட்டவரின் பெயரோ வரிநோட்டில் அப்படியே இருக்கும். ஊரில் இருப்பது ஒன்று, ஊரார் ஆவது வேறொன்று. இந்த வேறுபாட்டைத் தமிழ் ‘ஆர்’ என்ற ஈற்றைக் கொண்டே சொல்லிவிடுகிறது. ஊரார், நாட்டார், வீட்டார் என்பன போல ‘மாநிலத்தார்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு. தகுதியின் பெயர் ‘மாநிலத்தார் தகுதி’. அதில் வாழ்தல் என்ற பொருளே இல்லை. சேர்ந்திருத்தல் என்ற பொருள் மட்டுமே இருக்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

பழைய வழக்கில் ‘மாநிலம்’ என்பது பேருலகைக் குறிக்கும், ஆகவே மாநிலத்தார் என்றால் உலகத்தார் என்றல்லவா ஆகும் என்று நம் புலவர் ஐயா எழுதுவார் என்று எதிர்பார்க்கிறேன். இலக்கணப்படி அவர் சொல்வது சரி. ஆனால் மாநில அரசு, மாநிலக் கல்லூரி என்று வழங்கும் தலைமுறைக்கு அந்த ஐயம் எழாது.

அடுத்து, தகுதியையும் கட்டணத்தையும் ஒரே சொல்லால் குறிக்கக் கூடாது என்பதை வலியுறுத்த விரும்புகிறேன். கோவை நண்பர் முன்வைத்த ‘உள்மாநிலம்’, ‘வெளிமாநிலம்’ என்ற இணை இங்கேதான் தடுமாறுகிறது. மாணவர்கள் பேச்சில் ‘எனக்கு இன்ஸ்டேட் கிடைச்சிருச்சு’ என்பது மிகச் சாதாரணம். அவர்கள் சொல்வது பெரும்பாலும் குறைந்த கட்டணத்தை, தகுதியை அன்று. டெக்சாஸில் குறைந்தது 1,000 டாலர் மதிப்புள்ள, போட்டியின் அடிப்படையில் வழங்கப்படும் உதவித்தொகையைப் பெறும் வெளியாளருக்கு மாநிலத்தாருக்குரிய கட்டணத்தையே விதிக்கப் பல்கலைக்கழகத்துக்குச் சட்டம் இடம்தருகிறது. 1,000 டாலர் உதவித்தொகை அதைப்போலப் பன்மடங்கு பெறுமானம் உள்ளதாக ஆகிவிடுவதால்தான் நம் பிள்ளைகள் அதற்கு அவ்வளவு அலைகிறார்கள். ஆனால் அதைப் பெற்றவர் மாநிலத்தார் ஆகிவிடுவதில்லை; உதவித்தொகை நின்றால் கட்டணம் பழைய இடத்துக்கே ஏறிவிடும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத் தகுதித் தேர்வுகளை முடித்து ஆய்வேட்டு நிலைக்கு முன்னேறியவருக்கு மூன்று ஆண்டு வரை அந்தக் கூடுதல் தொகையைத் தள்ளுபடி செய்கிறார்கள். அவருக்கும் தகுதி மாறுவதில்லை, தொகைதான் மாறுகிறது. எனவே ‘மாநிலத்தார் தகுதி’ ஒரு பதிவாகவும் ‘மாநிலத்தார் கட்டணம்’ வேறொரு பதிவாகவும் இருக்க வேண்டும். ‘மாநிலத்தார் தகுதி பெறாமலேயே மாநிலத்தார் கட்டணம் செலுத்துபவர்’ என்று அப்போதுதான் தெளிவாக எழுத முடியும்.

எதிர்ச்சொல்லுக்கு முதலில் ‘அயலார் கட்டணம்’ என்றுதான் எழுதியிருந்தேன். பக்கத்து மாநிலத்தவரையும் பிற நாட்டவரையும் ஒருசேர அடக்கும் என்பதால் அது பிடித்திருந்தது. ‘வெளிமாநிலக் கட்டணம்’ என்றால் மதுரைக்காரருக்குக் கேரளமும் ஆந்திரமும்தான் நினைவுக்கு வரும். தாம் அந்த வகையில் அடங்குவதாக அவருக்குத் தோன்றாது. ஆனால் யாழ்ப்பாணத்து நண்பர் நேற்று எழுதியது என்னை மாற்றிவிட்டது. அங்கே ‘அயலவர்’ என்றால் பக்கத்து வீட்டுக்காரர். அவசரத்துக்கு வேலிக்கு மேலாகக் கூப்பிட்டால் ஓடி வருபவர். அவரிடம்போய் மூன்று மடங்கு கட்டணம் கேட்பதா என்று எழுதியிருந்தார். நியாயம். ஆகவே ‘புறத்தார்’ என்று மாற்றுகிறேன்: மாநிலத்தார் கட்டணம், புறத்தார் கட்டணம். கலிபோர்னியா தனியே காட்டும் தொகைக்குப் ‘புறத்தார் கூடுதல் கட்டணம்’ என்பது நேராகப் பொருந்துகிறது. ‘மூன்று மடங்கு’ என்று அவர் எழுதியதும் மிகையன்று. இந்தியானாவின் பர்டூ பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாக உயர்த்தாமல் வைத்திருந்த கட்டணத்தில் மாநிலத்தாருக்கு 9,992 டாலர், பிற மாநிலத்து அமெரிக்கருக்கு 28,794 டாலர், பிற நாட்டவருக்கு அதற்கும் மேலே ஒரு தொகை. இத்தகைய மூன்றடுக்குக் கட்டணத்துக்குப் ‘புறத்தார் கட்டணம் (பிற நாட்டவர்)’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும். நான்காவது சொல் தேவைப்படாது.

எஞ்சியிருப்பது, ஒருவர் நிலையாக வாழ எண்ணும் இடத்தைக் குறிக்கும் சட்டச் சொல்லான ‘டொமிசைல்’. இதை ரெசிடென்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்கு மேரிலாந்துப் பல்கலைக்கழக வழக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. வாஷிங்டன் வட்டாரத்தில் பன்னாட்டு வங்கிகளில் பணியாற்றியவர்களின் பிள்ளைகள், பன்னாட்டு அமைப்புகளின் ஊழியருக்கும் குடும்பத்தாருக்கும் உரிய ஜி-4 விசாவில் மேரிலாந்தில் வாழ்ந்தும், அந்த விசாவைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் அவர்களுக்கு மாநிலத்தார் கட்டணத்தை மறுத்தது. 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எஃப் விசா மாணவர் தம் நாட்டிலுள்ள இல்லத்தைக் கைவிடும் எண்ணம் இல்லாதவராக இருக்க வேண்டும் என்று விதித்த நாடாளுமன்றம், ஜி-4 காரருக்கு அவ்வாறு விதிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி, அவர்கள் மேரிலாந்தில் ‘டொமிசைல்’ பெற முடியுமா என்ற கேள்வியை அந்த மாநிலத்தின் மேல் நீதிமன்றத்துக்கே அனுப்பியது. முடியும் என்று விடை வந்தது. அதன் பிறகும் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்காமல் இருக்க, 1982இல் அந்த விதி செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது. பல ஆண்டு வழக்கு, ஒரு சொல்லின் எல்லையைப் பற்றி! கலைச்சொல் விவாதம் வெட்டி வேலை என்பவர்களுக்கு இதை அனுப்பிவைக்கலாம்.

‘டொமிசைல்’ என்பதில் இடமும் உண்டு, அங்கேயே நிலைக்கும் எண்ணமும் உண்டு. குடிபுகுதல், குடிபெயர்தல் என்று நாம் சொல்லும்போது குடி என்பது வெறும் வீட்டைக் குறிப்பதில்லை. வேர் ஊன்றிய வாழ்வைக் குறிக்கிறது. அதனால் ‘நிலைக்குடி’ என்று வைக்கலாம் என நினைக்கிறேன். “எஃப்-1 மாணவரின் நிலைக்குடி அவரது சொந்த நாட்டில் இருப்பதாகவே சட்டம் கொள்கிறது, ஆகவே படிக்கும் மாநிலத்தில் அவர் மாநிலத்தார் தகுதி பெற இயலாது” என்ற வாக்கியத்தை அக்கா மகனிடம் படித்துக் காட்டினேன். ஒரு முறை கேட்டதும், “அப்போ அந்தக் கேள்விக்கு நான் ‘இல்லை’ன்னுதான் குறிச்சிருக்கணும், இல்லையா மாமா?” என்றான்.

சொற்பட்டியலின் பகிர்தாளில் மாநிலத்தார் தகுதி, மாநிலத்தார் கட்டணம், புறத்தார் கட்டணம், புறத்தார் கூடுதல் கட்டணம், நிலைக்குடி ஆகிய ஐந்தையும் மஞ்சள் நிறத்தில் இட்டிருக்கிறேன். ‘இருப்பிடத் தகுதி’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் நீக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நிறத்தை எடுத்துவிடலாம். ஒன்றுக்கு மட்டும் எனக்கு விடை தெரியவில்லை: வாஷிங்டன் நகரம் எந்த மாநிலத்திலும் சேராதது, அங்கும் ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கே ‘மாநிலத்தார்’ யார்? ‘நகரத்தார்’ என்று எழுதினால் காரைக்குடியிலிருந்து கடிதம் வரும்.

அன்புடன்,
கையேட்டுத் தொகுப்பாளர்களில் ஒருவன்