அமியோடரோன் தொடங்கின பிறகு ஐஎன்ஆர் 4.8, வோபரினை நிப்பாட்டலாமா?

உப்புவெளி:
அம்மாக்கு 63 வயது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின்ர மேல்அறை ஒழுங்கில்லாமல் துடிக்கிறது). இரத்தம் உறையாமல் இருக்கக் குடுக்கிற வோபரின் நாளுக்கு 4 மி.கி., ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எவ்வளவு சுணங்குது எண்டு காட்டுற அளவு; கூடினால் இரத்தப்போக்கு ஆபத்து) 2.3, 2.5 எண்டு நிண்டது. துடிப்பை ஒழுங்காக்கிற அமியோடரோன் சேர்த்து மூண்டு கிழமை, நேற்று 4.8. இரத்தம் எங்கயும் வரேல்ல. கீரை கூடிக் குறைஞ்சாலும் ஐஎன்ஆர் மாறுமாம், ஆனா வல்லாரை, பொன்னாங்காணி வழமை போலதான். அடுத்த மாதம் ஷொக் குடுத்துத் துடிப்பைத் திருப்புறதெண்டு சொல்லியிருக்கினம்.

திருக்கடலூர்:
கீரையில பிழையில்லை. ஈரல் வோபரினை உடைக்கிறதை அமியோடரோன் தடுக்குது. அதே 4 மி.கி. இப்ப கூடுதலா வேலை செய்யுது. இது கிழமைக் கணக்கில ஏறும், 4.8தான் உச்சம் எண்டு நினைக்காதேங்கோ. இன்டைக்கே கிளினிக்கில காட்டுங்கோ. 4.5க்கு மேல, 10க்குக் கீழ, இரத்தப்போக்கும் இல்லையெண்டால் வழமையா ஒண்டு ரெண்டு வேளை விட்டு, திரும்பச் சோதிச்சு, குறைச்ச அளவில தொடங்குவினம். அமியோடரோனோட வோபரினை 30 முதல் 50 வீதம் குறைக்க வேண்டி வாறது சாதாரணம். உங்கட கணக்கில வாரத்துக்கு 28 மி.கி.; நாளுக்கு 3 ஆக்கினால் 21, அதாவது கால்பங்குதான் குறையுது. அளவை டொக்டர்தான் சொல்லவேணும். பிறகு கிழமைக்கொருக்கா ஐஎன்ஆர். கறுத்த மலம், திடீர்த் தலையிடி, விழுந்து தலை அடிபட்டால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கோ.

மூதூர்:
நீங்களா முழுசா நிப்பாட்டாதேங்கோ. ஷொக்குக்கு முன்னம் மூண்டு கிழமை விடாமல் ஐஎன்ஆர் 2க்கு மேல இருக்கவேணும். ஒரு தரம் 1.7க்கு இறங்கினாலும் கணக்குத் திரும்ப முதல்ல இருந்து. இல்லாட்டி தொண்டைவழி எக்கோ (இதய ஸ்கேன்) செய்து இதயத்துக்குள்ள இரத்தக்கட்டி இல்லையெண்டு பாப்பினம். ஷொக்குக்குப் பிறகும் குறைஞ்சது நாலு கிழமை வோபரின் வேணும். துடிப்பு சரியெண்டாலும் மேல்அறை சுருங்கப் பழக நாள் எடுக்கும்.

உப்புவெளி:
வோபரினுக்குப் பதிலா, ஐஎன்ஆர் சோதிக்கத் தேவையில்லாத ரிவரொக்ஸபான் குளிசைக்கு மாறேலாதா?

மூதூர்:
எக்கோ ரிப்போட்டைப் பாருங்கோ. இதயத்தின்ர மைட்ரல் வால்வு ஓரளவாவது சுருங்கியிருந்தால், அல்லது மெக்கானிக்கல் செயற்கை வால்வு போட்டிருந்தால், வோபரின்தான். சின்ன வயசில வாதக்காய்ச்சல் வந்ததோ எண்டும் சொல்லுங்கோ, அதால வால்வு சுருங்கியிருக்கலாம்.

திருக்கடலூர்:
இன்னொண்டு. வோபரின் அட்டையில மி.கி. பாத்து எடுங்கோ, நிறத்தை நம்பாதேங்கோ. கம்பனி மாறினால் நிறமும் மாறலாம். மூட்டு நோவுக்கு டைக்குளோபினக், வயித்தோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் எண்டு பாமசியில கேட்டு வாங்கிக் குடுக்க வேண்டாம், வோபரினோட அதுகள் இரத்தப்போக்கு ஆபத்தைக் கூட்டும். அமியோடரோன் ஆறு மாதத்துக்கொருக்கா தைரொயிட், ஈரல் சோதனை கேக்கும். வெயில்ல தோல் கருகும், எங்கட ஊர் வெயிலுக்குக் குடை கட்டாயம்.