ஊசி எலும்பில் முட்டியதும் கை நின்றுவிட்டது: செய்முறையை எப்படிக் கற்றீர்கள்?

பாலாற்றங்கரை (பயிற்சி மருத்துவர்) கேட்டது:

வேலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஐந்து மாதங்களாகப் பயிற்சி மருத்துவராக இருக்கிறேன். சென்ற வாரம் முதன்முறையாக முதுகில் ஊசியிட்டுத் தண்டுவட நீர் எடுக்கச் சொன்னார்கள். அதற்கு முன் மூன்று முறை சீனியரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் பேசாமலே சில நிமிடங்களில் முடித்துவிட்டார். இடுப்பெலும்புகளின் மேல்விளிம்புகளை இணைத்துக் கோடு போட்டால் அது நான்காம் இடுப்பு முள்ளெலும்பைத் தொடும் என்பதெல்லாம் மனப்பாடம். ஆனால் ஊசி எலும்பில் முட்டியபோது அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டாம் முறையும் முட்டியதால் சீனியரே வாங்கிச் செய்தார். படுத்திருந்த பெரியவர் “பரவாயில்லப்பா” என்றார்; அதுதான் இன்னும் உறுத்துகிறது. நோயாளியை வருத்தாமல் கை பழக வழி உண்டா?

காட்பாடி மயக்கவியலார்:

தம்பி, ‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு’ என்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட்டின் பெயரில் ஓட்டுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரிடம் பயின்றவர்கள் பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தார்கள் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் நான்கு படிகளைப் பாருங்கள்: ஆசிரியர் பேசாமல் வழக்கமான வேகத்தில் செய்வார், பிறகு விளக்கிக்கொண்டே செய்வார், அதன்பின் மாணவர் ஒவ்வொரு அசைவையும் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அதன்படி செய்வார், கடைசியில்தான் மாணவரின் கைக்கு ஊசி வரும். நீங்கள் முதற்படியிலிருந்து நேரே நான்காம் படிக்குத் தாவியிருக்கிறீர்கள். 2019இல் வந்த எம்பிபிஎஸ் பாடத்திட்டத்திலும் செய்துகாட்டல், கவனித்தல், துணைநிற்றல், செய்தல் என்ற வரிசை உண்டு. வார்டு நெரிசலில் துணைநிற்றல்தான் முதலில் காணாமற்போகிறது.

எலும்பில் முட்டினால் ஊசியை உள்ளே வைத்தபடியே திருப்பக் கூடாது. தோலுக்கடியில் வரை பின்னிழுத்து, தலைப்பக்கமாகச் சற்றே சாய்த்து மீண்டும் செலுத்த வேண்டும்.

ஆற்காடு செவிலியர்:

முதுகு ஊசி எனக்குத் தெரியாது. வென்ஃப்ளான் (மருந்தேற்றக் கையில் செருகும் பிளாஸ்டிக் குழாயுள்ள ஊசி) போடுவதில் இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஊசியின் பின்பக்கச் சிற்றறையில் இரத்தம் தெரிந்த உடனே மகிழ்ந்துபோய் ஊசியை உருவிவிடுகிறார்கள். அப்போது ஊசிமுனை மட்டுமே இரத்த நாளத்துக்குள் இருக்கும், பிளாஸ்டிக் குழாயின் நுனி இன்னும் வெளியில் இருக்கும். சாய்வைக் குறைத்து, இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிய பிறகே குழாயை மட்டும் நழுவவிட வேண்டும். அதுவரை இடது கைக் கட்டைவிரல் தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இதை எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்கா என் கட்டைவிரலைத் தட்டித் தட்டிச் சொன்னது.

ஆம்பூர் அறுவை மருத்துவர்:

எங்கள் ஊரில் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை என்பதால், மாணவனாக இருந்தபோது தையல் பழக அதையே எடுத்தேன். அது தவறு: பதனிட்ட தோல் விறைப்பாக இருக்கும், ஊசியை வலிந்து தள்ளும் கெட்ட பழக்கம் வந்துவிடும். தோலுரிக்காத கோழித் தொடை எவ்வளவோ மேல், முடிச்சை அதிகம் இறுக்கினால் ஓரம் வெளுத்துக் கிழிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். (பிரியாணிக்கு வாங்கியதை எடுத்து வீட்டில் வாங்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.) திறன் பயிற்சிக்கூடத்துப் பொம்மையில் வரிசையைப் பழகலாம், ஊசி திசுவைத் துளைத்து விடுபடும்போது விரலில் வரும் உணர்வை அது முழுமையாகத் தராது.

பாலாற்றங்கரை:

அனைவருக்கும் நன்றி. இன்று சீனியரிடம் மூன்றாம் படியைக் கேட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். “சரி, சொல்லுங்க டாக்டர்” என்று கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மருந்து தடவுவதிலிருந்து தொடங்கினேன். நோயாளி இன்னும் மல்லாந்தே படுத்திருந்தார்.