புதுப்பிப்பு: நிழலில் வைத்த குளிர்காலப் பூச்செடிகள்

வடக்குச் சுவரோரம் வைத்த சார்கோகாக்கா, டாஃப்னி (குளிர்காலத்தில் மணமாகப் பூக்கும் புதர்ச்செடிகள்) இரண்டிலும் ஒரு மொட்டுகூட இல்லை என்று போன குளிர்காலத்தில் புலம்பியிருந்தேன், இல்லையா?

சார்கோகாக்கா பூத்துவிட்டது! பூ என்று சொல்லவே கூச்சம்தான். இலைக்கு அடியில் வெள்ளை நூல் பிசிறு மாதிரி நாலைந்து இழை. ஆனால் கதவைத் திறந்ததுமே தேன் மணம். எங்கிருந்து வருகிறது என்று குனிந்து தேட வேண்டியிருந்தது. போன முறை பூக்காததற்கு நிழல் காரணமில்லை, நான்தான். இலையுதிர்காலத்தில் அழகாக வெட்டுகிறேன் பேர்வழி என்று மொட்டுகளையெல்லாம் சேர்த்து வெட்டியிருக்கிறேன். இனி பூ முடிந்த பிறகுதான் கத்தரி.

டாஃப்னி இன்னும் படுத்துகிறது. இலை மஞ்சளானதும் ஓரமாகக் கிளறிப் பார்த்தேன், மண் சொதசொதவென்று இருந்தது. இடம் மாற்றலாம் என்றால் அதற்கு வேரைத் தொட்டாலே ஆகாது. அதனால் செடியை விட்டுவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டினேன். இரண்டு கிளை போய்விட்டது. மீதியில் நுனிக்கு நுனி ரோஸ் நிற மொட்டு. ஆனாலும் நம்ப மாட்டேன், திடீரென்று செத்துப்போகிற ஜாதி அது. கோடையில் நாலு தண்டு வெட்டி நட்டு வேர்விட வைக்கப்போகிறேன், கையுறையோடுதான்: அதன் சாறு பட்டால் தோல் எரியும்.