தைராய்டு மாத்திரை சாப்பிடும் பூனை: நாங்கள் ஊரில் இல்லாத 10 நாள் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி:
பூனைக்கு வயது 13. தைராய்டு அதிகம் சுரக்கிறது. மெத்திமசோல் 2.5 மி.கி., காலையும் இரவும் ஒவ்வொன்று. சில மாதங்களாக அளவு மாறவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் 10 நாள் வெளியூர் போகிறோம். பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார், ஆனால் பூனைக்கு மாத்திரை கொடுத்துப் பழக்கமில்லை. பொடித்து உணவில் கலக்கச் சொல்லலாமா? காதில் தடவும் ஜெல்லுக்கு மாறலாமா? ஒரு வேளை தவறிவிட்டால்?

பதில் 1:
பொடிக்கவே வேண்டாம். மருந்து கசக்கும், மேல்பூச்சு அதை மறைக்கத்தான். பொடித்துப் போட்டால் பாதியைத் தின்று பாதியை வைத்துவிடும். எவ்வளவு உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. தூள் கொடுப்பவர் கையிலும் படும். இது கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து. கருவுற்றிருப்பவர் தொடவே கூடாது, அதை வருபவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றவர்களும் கையுறை போட்டுத்தான் எடுக்கணும். சிறுநீரிலும் மருந்து வெளியேறுவதால் லிட்டர் பாக்ஸ் (பூனையின் கழிவு மணல்பெட்டி) சுத்தம் செய்யும்போதும் கையுறை வேண்டும்.

பசியோடு இருக்கும்போது ஈர உணவில் பட்டாணி அளவு மூன்று உருண்டை பிடியுங்கள். முதலாவது வெறும் உருண்டை, இரண்டாவதில் முழு மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் உருண்டை. மூன்றாவதை மூக்கருகே காட்டினால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும். கிண்ணம் நிறைய உணவில் புதைத்தால் மாத்திரை மட்டும் அடியில் கிடக்கும். வாயில் நேராகப் போடுவதென்றால் உடனே ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தோரம் 5 மி.லி. தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாக. உலர்ந்த மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாகிவிடும்.

பதில் 2:
மூன்று வாரத்தில் பயணம் என்றால் ஜெல்லுக்கு இப்போது மாறாதீங்க. வாய்வழி மருந்தைப் போல உடம்பில் சீராக ஏறாது. முழுப் பலன் தெரிய நான்கு வாரம் வரைகூட ஆகும், பிறகு ரத்தத்தில் டி4 (தைராய்டு ஹார்மோன்) பார்த்து அளவைத் திருத்த வேண்டி வரும். அந்தத் தடுமாற்றம் நீங்கள் வீட்டில் இருக்கும்போது நடக்கட்டும். பிறகு மாறினால், காதுமடலின் உள்பக்கம் முடியில்லாத இடத்தில், வேளைக்கு ஒரு காதாக மாற்றித் தடவணும். காய்ந்த பழைய ஜெல்லை முதலில் ஈரப்பஞ்சால் துடைக்காவிட்டால் புதியது தோலுக்குள் இறங்காது. இதற்கும் கையுறை கட்டாயம்.

பதில் 3:
ஒரு வேளை தவறினால் பயமில்லை. அடுத்த வேளையில் வழக்கமான ஒன்றுதான், இரட்டிப்பாக வேண்டாம். இரண்டு நாள் தொடர்ந்து கொடுக்காமல் விட்டால் ஹார்மோன் மறுபடி ஏறிவிடும். இதைவிட எனக்குக் கவலை, வீட்டில் இருவர் மாறி மாறி வந்து இரண்டு பேரும் கொடுத்துவிடுவது. காலை, இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டியில் 20 வேளைக்கும் போட்டு வையுங்கள். அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று. கொடுத்த பிறகு வாந்தி எடுத்தால், மாத்திரை வாந்தியில் வெளியே வந்ததா இல்லையா என்று தெரியாதபோது மறுபடி கொடுக்க வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

24 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், முகத்தைப் பிறாண்டிப் புண்ணாக்கினால், ஈறு மஞ்சளானால் அன்றே மருத்துவரிடம் போகணும். வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, பின்னங்கால் இழுத்தாலோ, திடீரென்று கண் தெரியாததுபோல் முட்டிக்கொண்டாலோ ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. சிகிச்சைக்கு உங்கள் சம்மதத்தை மருத்துவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி கேட்டவர்:
அக்காவால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வர முடிந்தால், இரண்டையும் சேர்த்து 5 மி.கி. கொடுக்கலாமா?

பதில் 3:
நீங்களாக மாற்றாதீர்கள். அதே மொத்த அளவு, ஒரே வேளையில் கொடுத்தால் அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. தினம் ஒரு முறை கொடுப்பதற்கென்றே மெதுவாகக் கரையும் கார்பிமசோல் (இதே வகை மருந்து) மாத்திரை உண்டு, ஆனால் அதற்கு மாறினாலும் ரத்தப் பரிசோதனை வேண்டும். இரவு வேளைக்கு இன்னொருவரைத் தேடுவதுதான் நல்லது. அவரும் அக்காவும் இந்த வாரமே உங்கள் முன்னால் நான்கைந்து வேளை கொடுத்துப் பார்க்கட்டும். கொடுத்தபின் பத்து நிமிடம் சோபாவுக்குப் பின்னாலும் பார்க்கச் சொல்லுங்கள். துப்பிய மாத்திரை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.