பொலிஸ்டைரீன் படலத்தில் குழிகள் தோன்றுவது சூடாகும்போதா, ஆறும்போதா?

கேள்வி: அட்டன் மாணவி
உயர்தரச் செயற்றிட்டத்துக்காக, தொலைக்காட்சிப் பெட்டிக்குள் வந்த ரெஜிபோமை (வெண்ணிறப் பொலிஸ்டைரீன் நுரை) தொலுயீன் என்னும் கரைப்பானில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றிப் படலமாக்கினேன். ஓரிரவு உலர்ந்ததும் தெளிவாக இருந்த படலத்தை 150 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி ஆறவைத்தபோது, கடுகினும் சிறிய குழிகள் உள்ளே நிறைந்திருந்தன. ஆறுகையில் படலம் சுருங்குவதே காரணம் என்கின்றனர் என் குழுவினர். அது சரியா?

பதில் 1: பேராதனை வேதியியல்
தங்கச்சி, அந்த விளக்கம் பொலிப்புரொப்பிலீன் போன்று பளிங்காகும் (மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்படும்) பல்பகுதியங்களுக்கே, அதாவது பொலிமர்களுக்கே, பொருந்தும். அங்கே பளிங்காகாத பகுதியின் அடர்த்தி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 0.85 g/cm³, பளிங்கினது 0.94 g/cm³, ஆகவே வளரும் பளிங்குகளுக்கு நடுவே சிறைப்பட்ட உருகல், சுருங்க இடமின்றி இழுபட்டுக் கிழிந்து குழியாகிறது. ரெஜிபோமில் உள்ள பொலிஸ்டைரீனோ பளிங்காவதில்லை.

உங்கள் படலத்தில் மேற்பரப்பு முதலில் உலர்ந்து தோலாகிவிட, அடியில் தொலுயீன் தங்கியிருக்கிறது. தூய தொலுயீன் கடல் மட்டத்தில் 110.6 பாகையில் கொதிக்கும். ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்திலுள்ள அட்டனில் 105 பாகையளவிலேயே கொதித்துவிடும். பல்பகுதியத்துள் கரைந்திருக்கும்போது அதன் ஆவியமுக்கம் குறைவதால் இன்னும் சற்றுக் கூடிய வெப்பம் தேவைப்படும். ஏறத்தாழ 100 பாகைக்கு மேல் பொலிஸ்டைரீன் இளகிவிடுவதால், ஆவி அதைத் தள்ளிக் குமிழாகிறது. ஆறும்போது குமிழின் உள்ளமுக்கம் குறைந்தாலும், சுவர் அதற்குள் இறுகிவிடுவதால் குழி மூடுவதில்லை. நீங்கள் ஆறிய பின்னரே பார்த்ததால் பழி ஆறுதலின்மேல் விழுந்துவிட்டது!

பதில் 2: நுவரெலியா ஆசிரியர்
மூடுபனி நாளில் ஊற்றிய படலம் சூடாக்குமுன்பே வெண்மையாகிவிட்டால், அது ஆவியாகும் கரைப்பானின் குளிர்ச்சியால் படிந்த நீர்த்துளிகளின் தடம், உங்களுடையது அதுவல்ல. 100 நனோமீற்றரிலும் மெல்லிய படலங்களில் கண்ணாடிவரை துளைவிழுவதும் வேறொரு கதை. மாதிரியை இரண்டாக்கி, ஒன்றை நேரடியாகவும், மற்றதைத் தங்கிய தொலுயீன் வெளியேறும்படி 80 பாகையில் பல மணிநேரம் வைத்த பின்னும் சூடேற்றி ஒப்பிடுங்கள். தொலுயீன் ஆவி தீப்பற்றும். ஆசிரியர் முன்னிலையில், காற்றோட்டமான இடத்தில், தீச்சுடர் எதுவுமின்றிச் செய்யுங்கள்.

மீண்டும்: அட்டன் மாணவி
உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்துக்கொண்டே சூடேற்றினோம், ஐயா. முதல் துண்டில் 130 பாகையை அண்மித்தபோதே குமிழ்கள் எழுந்தன. ஆறு மணிநேரம் 80 பாகையில் வைத்த துண்டில் இரண்டே குமிழ்கள். இரண்டும் ஓரத்தில் ஒட்டியிருந்த தூசியருகே.