மானெக்‌ஷாவை ஏன் டெல்லியில் அடக்கம் செய்யவில்லை?

மலைரயில்:
போன வாரம் ஊட்டி போனபோது பார்சிகளின் கல்லறைத் தோட்டத்தில் பீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷாவின் கல்லறையைப் பார்த்தேன். பக்கத்திலேயே அவர் மனைவி சிலூவின் கல்லறை. அங்கே எங்களைத் தவிர ஒரு ஆள் இல்லை. 1971 போரில் 93,000 பாகிஸ்தான் சிப்பாய்களைச் சரணடைய வைத்த தளபதியை டெல்லியில் அல்லவா அடக்கம் செய்திருக்க வேண்டும்? 2008-ல் அவர் இறந்தபோது ஜனாதிபதி, பிரதமர் யாருமே வரவில்லை என்கிறார்களே, உண்மையா? அப்போது நான் ஸ்கூல் பையன், ஒன்றும் ஞாபகம் இல்லை.

குன்னூர்க்காரன்:
முதலில் ஒரு திருத்தம். 93,000 பேரும் சிப்பாய்கள் இல்லை, அதில் சிவிலியன்களும் உண்டு.

ஊட்டியில் அடக்கம் செய்ததை அவமானமாக நினைக்காதீர்கள், அது அவர் ஊர் மாதிரிதான். பிறந்தது அமிர்தசரஸ், 1914 ஏப்ரல் 3. ஆனால் 1959-லேயே குன்னூர் பக்கத்திலுள்ள வெலிங்டன் ராணுவ ஸ்டாஃப் காலேஜுக்குக் கமாண்டன்டாக வந்துவிட்டார். அங்கே இருந்தபோதுதான் அவர்மேல் விசாரணையும் வந்தது, குற்றமில்லை என்று முடிந்தது, 1962 சீனப் போரில் அடி வாங்கிய நாலாவது கோர் என்ற படைப்பிரிவைத் தூக்கி நிறுத்த அவரையே அனுப்பினார்கள். ஓய்வுக்கு அப்புறம் குன்னூரில்தான் வீடு, 2001-ல் மனைவி போனதும் இங்கேதான். கடைசியில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் நிமோனியாவில் 94 வயதில் இறந்தார், ஜூன் 27. மனைவி பக்கத்தில் படுக்க வைக்காமல் டெல்லிக்குத் தூக்கிக்கொண்டு போவார்களா என்ன?

பட்டாளத்தான்_மகன்:
இடம் சரி, வந்தவர்கள் விஷயம் சரியில்லை. மலைரயில் கேட்டது உண்மைதான். ஜனாதிபதி இல்லை, பிரதமர் இல்லை, பாதுகாப்பு அமைச்சர்கூட வரவில்லை, இணை அமைச்சர்தான் வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் அரசு வரிசைப் பட்டியலில் பீல்டு மார்ஷல் என்ற பதவியே இல்லை என்று பிறகு ஒரு காரணம் சொன்னார்கள். அந்தப் பதவியைக் கொடுத்ததே அரசாங்கம், பட்டியலில் சேர்க்காமல் விட்டதும் அதே அரசாங்கம், அப்புறம் அதையே காரணமாகக் காட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது.

இன்னொரு பீல்டு மார்ஷல் கரியப்பா 1993-ல் இறந்தபோது கர்நாடகத்திலுள்ள மடிகேரிக்கு முப்படைத் தளபதிகளும் போனார்கள், மானெக்‌ஷாவும் போனார். விமானப்படை மார்ஷல் அர்ஜன் சிங் 2017-ல் இறந்தபோது டெல்லியில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு அரசு மரியாதையோடு தகனம் செய்தார்கள். நம் நாட்டில் ஐந்து நட்சத்திரம் என்ற உச்சப் பதவி வாங்கியவர்களே மொத்தம் மூன்று பேர்தான், அதில் நடுவில் போனவருக்கு மட்டும் இப்படி. டெல்லியில் நடந்திருந்தால் எல்லோரும் வந்திருப்பார்கள் என்று என் அப்பா சொல்வார், எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, மடிகேரி என்ன டெல்லியிலா இருக்கிறது?

குன்னூர்க்காரன்:
சரி, ஒப்புக்கொள்கிறேன். மடிகேரி உதாரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சித்தாங்_42:
இறந்த பிறகு வராததைப் பேசுகிறீர்கள், உயிரோடு இருந்தபோது நடந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை பணியில் இருப்பதாகத்தான் கணக்கு. 1973 ஜனவரியில் அந்தப் பதவியைக் கொடுத்தார்கள், அதற்குரிய முழுச் சம்பளத்தைக் கொடுக்கவில்லை. பாக்கி ஒரு கோடிக்கு மேல் சேர்ந்து, செக் கைக்கு வந்தது 2007-ல். அடுத்த வருஷம் ஆளே இல்லை.

ஆனால் மனுஷன் இதையெல்லாம் பெரிதாக எடுத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 1942 பிப்ரவரியில் பர்மாவில் சித்தாங் ஆற்றங்கரையில் வயிற்றில் குண்டுகள் பாய்ந்து விழுந்தபோது, பிழைக்க மாட்டான் என்று நினைத்து ஜெனரல் கவன் தன் சட்டையிலிருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி இவருக்குக் குத்தினார், செத்தவனுக்கு அந்தப் பதக்கம் கிடையாது என்பதால். அவருடைய ஆர்டர்லி (உதவிக்கு இருந்த சிப்பாய்) ஷேர் சிங் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்தார். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்டதற்கு, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம். அதற்கு அப்புறம் 66 வருஷம் இருந்தார்.

மலைரயில்:
ஷேர் சிங் பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். அடுத்த முறை போகும்போது வெலிங்டனில் இறங்கி அங்கே இருக்கும் அவர் சிலையையும் பார்க்கிறேன், இந்தத் தடவை பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.